முதியோர் முதுகெலும்பில் சீழ்: அறுவை எப்போது?
(மாக் மண்டினில் ஆற்றிய உரை)



வீட்டுப் பாட்டி முதுகு வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்து, ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் படுத்தாலும் குறையாத வலி, நாளுக்கு நாள் உடல் மெலிவு என்றால் முதுகெலும்பில் கிருமி புகுந்திருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் இது வரும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. எலும்பு மெலிந்த முதியவரின் எக்ஸ்ரேயில் எலும்பு நொறுங்கித் தெரிந்தால், சாதாரண முறிவென்றே எண்ணத் தோன்றும். இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும்தான் உண்மையைச் சொல்லும்.

உடனே கத்தி வைக்க வேண்டுமா? காசநோய் தாக்கிய முதுகெலும்பை மார்பு வழியாகத் திறந்து சுத்தம் செய்யும் முறையை ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்னும் மருத்துவர்கள் 1956இல் வெளியிட்டார்கள். அதையும், நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் உண்பதையும் சென்னையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999இல் வெளிவந்த பத்தாண்டு முடிவில், மருந்து மட்டும் உண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள். நம் சென்னை உலகுக்குத் தந்த பாடம் இது! மற்றக் கிருமிகளுக்கும் பெரும்பாலும் 6 வாரம் மருந்து போதும் என்று 2015இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் கால் பலமிழந்தால், சிறுநீர் அடைபட்டால், எலும்பு சரிந்தால், மருந்துக்குச் சீழ் அடங்காவிட்டால் அறுவை வேண்டும். அங்கேதான் சிக்கல். மெலிந்த எலும்பில் திருகாணி போடுவது உளுத்த மரத்தில் ஆணி அடித்த கதை, பிடிக்காது. ஆகவே நோயுற்ற இடத்துக்கு மேலும் கீழும் கூடுதல் எலும்புகளில் ஆணிகளைப் பரப்பி, நீண்ட கம்பியால் பிணைக்கிறார்கள். சிலருக்கு ஆணியைச் சுற்றி எலும்புச் சிமெண்டும் இடுவதுண்டு. உடல் தாங்காதவர்களுக்குச் சிறு துளைகள் வழியாகவே ஆணி செலுத்தலாம். ‘சீழ் உள்ள இடத்தில் உலோகமா?’ என்று பிள்ளைகள் அஞ்சுவார்கள். நன்கு சுத்தம் செய்து, மருந்தும் தொடர்ந்தால் டைட்டானியம் வைக்கலாம். வலி தணிந்து எழுந்து உட்கார்ந்தால், படுக்கையிலேயே கிடப்பதால் வரும் நிமோனியா, படுக்கைப்புண் ஆகியவற்றுக்கும் தப்பலாம்.

பிறகு எலும்பு மெலிவுக்கு மருந்து, புரதம், வைட்டமின் டி வேண்டும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்மேல் அது பட்டால்தானே!

ஒரு வேண்டுகோள். வீட்டில் மிஞ்சிய ஆண்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். கால் தளர்ந்தால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.