அடிமனையும் வீடும்



நாம் பணிபுரியும் திருவனந்தபுரம், கட்டற்ற மென்பொருளின் வரலாற்றில் இடம்பெற்ற நகரம். 2001-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் இங்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடத்துக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். முதலில் விண்டோஸைக் கொண்டு கற்பித்த அத்திட்டம், சில ஆண்டுகளில் லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகள் தத்தம் வரலாற்றைத் தாமே எழுதிச் சேர்க்கும் ‘ஸ்கூல்விக்கி’ 2009-இல் தொடங்கியது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அதில் இடம்பெற்றுள்ளன. அதைத் தாங்கி நிற்பது மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளே.

எனினும் எல்லா அலுவலகங்களும் எல்லாச் சங்கங்களும் இவ்வாறு அடித்தளம் முதற்கொண்டே கட்டற்ற மென்பொருளில் தொடங்குவதில்லை. கணக்குக்காகவோ வருகைப் பதிவுக்காகவோ விண்டோஸ் சர்வர் ஒன்று முன்னரே வாங்கப்பட்டிருக்கும். அன்பர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்ததாகவும் இருக்கலாம். “இணையதளம் ஒன்று வேண்டும், இருக்கிற சர்வரிலேயே வேர்ட்பிரஸையோ துருபாலையோ நிறுவிக் கொள்ளலாமே” என்ற யோசனை அப்போது எழுகிறது. அது கூடுமா, கூடுமாயினும் தகுமா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். கட்டுரை, படம், அறிவிப்பு ஆகியவற்றை ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வைத்து, வாசகர் கேட்கும்போது பக்கமாகத் தொடுத்துக் கொடுப்பது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். 2001-இல் பிறந்த துருபால், 2003-இல் பிறந்த வேர்ட்பிரஸ், 2005-இல் பிறந்த ஜூம்லா ஆகிய மூன்றும் இவ்வகையின, மூன்றும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டவை. மூன்றும் மூலநிரலோடு யாவர்க்கும் கிடைப்பவை. விண்டோஸ் சர்வரும், அதில் இணையப் பக்கங்களை வழங்கும் ஐ.ஐ.எஸ். என்பதும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உடைமைகள். அவற்றின் மூலநிரல் நம் கைக்கு வருவதில்லை.

கோயில் அடிமனையில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. வீடு தம்முடையது, மனை கோயிலுடையது, அடிமனை வாடகை கட்ட வேண்டும். வீட்டுக்குள் எதையும் மாற்றலாம்; மனையைப் பற்றிய முடிவு மட்டும் வேறிடத்தில் எடுக்கப்படும். விண்டோஸ் சர்வரில் நிற்கும் துருபாலின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

இது கொள்கைக்கு முரண் அன்றோ எனச் சிலர் வினவுவர். உரிமப்படி தடையேதும் இல்லை. எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம் என்பதே கட்டற்ற மென்பொருளின் முதல் உரிமை. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1983-இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது, கட்டற்ற இயங்குதளம் என்று ஒன்று உலகில் இல்லை. அவருடைய குழுவினர் ஆக்கிய தொகுப்பிகளும் திருத்திகளும், பிறருக்குச் சொந்தமான யூனிக்ஸ் கணினிகளிலேயே முதலில் இயங்கின. லினக்ஸ் கரு தோன்றியது 1991-இல்தான். ஆகவே பிறர் மனையில் தொடங்குவது குற்றமன்று. அவர்கள் அதனைப் பாலமாகக் கொண்டார்கள், குடியிருப்பாகக் கொள்ளவில்லை.

இனிச் செயல்முறையைக் காண்போம். விண்டோஸில் பி.எச்.பி. நெடுங்காலம் தடுமாறியது. ஒவ்வொரு வாசகரின் வேண்டுகோளுக்கும் ஒரு புதிய செயலாக்கத்தைத் தொடங்கி முடிக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். 2006-இல் மைக்ரோசாப்டும், பி.எச்.பி. துறையில் பெயர்பெற்ற செண்டு நிறுவனமும் கைகோத்தன. அதன் பயனாக, தொடங்கிய செயலாக்கத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ‘ஃபாஸ்ட் சி.ஜி.ஐ.’ முறை ஐ.ஐ.எஸ்.ஸுக்கு வந்தது, வேகம் கூடியது. 2009-இல் வெளிவந்த ‘வெப் பிளாட்ஃபார்ம் இன்ஸ்டாலர்’ என்னும் கருவி, மேற்சொன்ன மென்பொருள்களைச் சில நிமிடங்களில் நிறுவிக் கொடுத்தது.

ஆயினும் இரண்டு உலகங்களின் வழக்கங்கள் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வியப்பாகப் படவில்லை. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் அப்பாச்சி சர்வருக்கு எழுதிய கட்டளைக் கோப்பை ஐ.ஐ.எஸ். படிக்காது; அதே விதிகளை அதற்குரிய நடையில் பெயர்த்தெழுத வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிற்றெழுத்தையும் கோப்புப் பெயர்களில் விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸோ இரண்டையும் வேறாகக் கொள்ளும். விண்டோஸில் பல ஆண்டுகள் ஒழுங்காகத் தெரிந்த விழாப் படங்கள், தளத்தை லினக்ஸுக்கு மாற்றிய அன்றே காணாமற் போவதற்கு இந்த ஓர் எழுத்து வேற்றுமை போதும். நம் மொழியில் பெரிய எழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடு இல்லையாதலின், நம்மவர் கண்ணுக்கு இக்குறை எளிதில் அகப்படுவதும் இல்லை.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்றும் இருந்தது. தமிழில் பெயரிட்ட கோப்புகளை விண்டோஸில் பி.எச்.பி. சரிவரக் கையாளவில்லை, பெயர் குழம்பிய குறிகளாக மாறிவிடும். 2016 டிசம்பரில் வந்த 7.1-ஆம் பதிப்பில்தான் இது தீர்ந்தது.

இவையெல்லாம் உழைத்தால் தீரும் சங்கடங்கள். மனைக்காரர் முடிவு மாறுவதோ நம் உழைப்பால் தீர்வதன்று. பி.எச்.பி.யின் 8-ஆம் பதிப்பு முதல் விண்டோஸுக்கான ஆதரவைத் தாம் அளிக்கப் போவதில்லை என்று மைக்ரோசாப்ட் 2020-இல் அறிவித்தது. மேற்சொன்ன நிறுவுகருவி 2022-இல் ஓய்வு பெற்றது. விண்டோஸ் சர்வர் 2012-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-ஆம் நாளோடு நின்றன. வீட்டைக் கட்டியோரும் இப்போது மனையை நோக்குகின்றனர்: 2024-இல் வந்த துருபால் 11-ஆம் பதிப்பு, விண்டோஸை உருவாக்கப் பணிக்கு ஏற்கிறதேயன்றி, மக்களுக்குப் பக்கம் வழங்கும் சர்வராக ஏற்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் விலகியபின் விண்டோஸுக்கான பி.எச்.பி. மறைந்து போகவில்லை. மூலநிரல் திறந்திருந்தமையால், பி.எச்.பி. சமூகத்தினரே அதனைத் தொடர்ந்து ஆக்கி வெளியிட்டு வருகின்றனர். காலம் முடிந்த விண்டோஸ் சர்வரை அவ்வாறு ஊரார் கூடிக் காப்பாற்ற இயலாது. திறந்த மென்பொருளுக்கும் மூடிய மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும். மத்திய அரசும் 2015-இல் வெளியிட்ட கொள்கையில், திறமூல மென்பொருளுக்கு அரசுப் பணிகளில் முன்னுரிமை அளித்துள்ளது.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை ஏன் சொல்கிறோம்? வேற்றூரில் நடக்கும் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர், பொங்கல் விழாப் படங்கள், முதியோர் நினைவுக் கட்டுரைகள், சங்கம் கண்டவர்களின் பெயர்கள் ஆகியவை இன்று பெரும்பாலும் இணையதளங்களில் தங்குகின்றன. ஊர்ப் பெயர்ச்சியும் பணி மாற்றமும் மிகுந்த வாழ்வில், தளத்தை அமைத்த இளைஞர் ஐந்தாண்டில் வேறு நகரம் போய்விடுவார். அவருக்குப் பின் சர்வரும் காலாவதியானால், நாற்பது ஆண்டு உழைப்பின் பதிவு ஒரே நாளில் மறையலாம். நூலகங்களில் பிரதி இல்லாத எழுத்து அது.

ஆதலின், இருக்கிற விண்டோஸ் சர்வரைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதில் நிறுவுவோர் சிலவற்றை உறுதியாகக் கடைப்பிடிக்கலாம். மரியாடிபி, மைஎஸ்கியூஎல் போன்று இரு தளங்களிலும் இயங்கும் தரவுத்தளத்தையே தேர்க. எழுத்துகள் யாவும் யூனிகோடில் இருக்கட்டும். கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிற்றெழுத்தை மட்டும் வழங்குக. விண்டோஸில் மட்டுமே இயங்கும் துணைக்கருவிகளை நாடாதிருங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லும் நிறுவிய முறையும் ஒருவர் நினைவில் மட்டும் இல்லாமல், சங்கத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒருமுறை தரவுத்தளத்தையும் கோப்புகளையும் முழுமையாகப் படியெடுத்து, வேறொரு லினக்ஸ் கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். படி இருக்கிறது என்று நம்புவது வேறு. படி திறக்கிறது என்று காண்பது வேறு. படங்களும் பழைய கட்டுரைகளும் அங்கே குறைவின்றித் தெரிந்தால், உங்கள் வீடு எந்த மனையிலும் நிற்கும். தெரியாவிட்டால், பழுது எங்கே என்பது சர்வர் நிற்பதற்கு முன்னரே தெரிந்துவிடும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைப்பீர்களாக.