சொம்புக்கு ஞாபகம் இல்லை

தாலசீமியா மேஜர் கடுமையான ரத்தசோகை நோய். அப்பா, அம்மா இருவருமே அதன் மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. "மூத்ததுக்கு வந்துடுச்சு, அடுத்த மூணுக்கு வராது" என்று நம்பிவிடுகிறோம். அப்படி இல்லைங்க.

ஒரு சொம்பில் நாலு புளியங்கொட்டை. ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு. பார்க்காமல் ஒன்றை எடுங்கள், திரும்பப் போடுங்கள், குலுக்குங்கள். பொட்டு முதல் தடவையே வரலாம். பத்தாவது தடவையும் வரலாம். முதல் பொட்டு எத்தனையாவது தடவை வரும் என்ற கணக்குக்குப் புள்ளியியலில் பெருக்குப் பரவல் என்று பெயர். சொம்புக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை எது வந்திருந்தாலும், இந்தத் தடவையும் நாலில் ஒன்றுதான். கருவிலும் அதேதான், ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்று.

அதனால் தம்பதியர் இருவரும் இந்த மரபணு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே செய்தால் ரொம்ப நல்லது.