பிரெஞ்சு டீச்சரான பேத்தி
(எங்கள் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் பேத்தி டில்லியில் பிறந்தவள். பள்ளியில் மூன்றாம் பாஷையாக பிரெஞ்சு எடுத்து, அதிலேயே எம்.ஏ. முடித்து, இப்போது அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிடியில் பிஎச்.டி. செய்கிறாள். கூடவே முதல் வருஷ மாணவர்களுக்கு பிரெஞ்சு வகுப்பும் எடுக்கிறாள். "வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நம்மாத்துப் பெண் பிரெஞ்சு சொல்லித்தருவதா?" என்று பலர் கேட்கிறார்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து 35 வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்த எனக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்தது. அங்கே போயிருந்தபோது அனுமதி பெற்று, அவள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

டீச்சிங் அசிஸ்டென்ட் என்று பெயர். ஆனால் வகுப்பு முழுக்க அவள் பொறுப்பு. பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. ஒரு பேராசிரியர் மேற்பார்வை. பதிலுக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு. வாரம் 20 மணி நேரம் என்று கணக்கு. எஃப்-1 விசாக்காரர்கள் டெர்ம் நடக்கும்போது அதற்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பேப்பர் திருத்துவதில் ஞாயிற்றுக்கிழமை போவது எந்தக் கணக்கிலும் வராது!

வகுப்பில் இங்கிலீஷே இல்லை. படம், சைகை, நடிப்பு. 'து', 'வூ' என்றால் நமக்கு நீ, நீங்கள்; உடனே புரியும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் திணறுகிறார்கள். (அங்கே தாத்தாவுக்கும் 'து'தானாம். எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.) அடுத்தது ஆண்பால், பெண்பால். மேஜை பெண், புத்தகம் ஆண். 1973-ல் டில்லிக்கு வந்து 'கா'வா 'கி'யா என்று தவித்தவன் நான். அதே தவிப்பை அந்த முகங்களில் பார்த்தேன். எண்கள் இன்னும் மோசம். 80 என்பது நாலு இருபது. 99 என்பது நாலு இருபது பத்தொன்பது.

பேத்தியும் இதையெல்லாம் வெளியிலிருந்து கற்றவள். எங்கே கால் இடறும் என்று அவளுக்குத் தெரியும். பிரான்சில் பிறந்தவர்களுக்கு இது சுலபத்தில் வராது.

இப்போது கவலைக்குரிய பக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் பிரெஞ்சு படிப்போர் 2016-க்கும் 2021-க்கும் இடையில் சுமார் 23 சதவீதம் குறைந்தார்கள். 2023-ல் வெஸ்ட் வர்ஜீனியா யூனிவர்சிடி 28 படிப்புகளையும் 143 ஆசிரியர் பதவிகளையும் நீக்கியது. பிரெஞ்சு மேஜரும் அதில் போயிற்று. என் மகன் அவளை டேட்டா சயன்ஸுக்கு மாறச் சொல்கிறான். வீட்டில் இதில் இன்னும் சமரசம் ஆகவில்லை. மாறினால் சம்பளம் போகும், ஃபீஸும் கையிலிருந்து கட்ட வேண்டும். இன்றைக்கு அவளுக்கு ஒரு ரூபாய் கடன் இல்லை, தீஸிஸ் பாதி முடிந்துவிட்டது. நான் பேத்தி பக்கம்தான். நிரந்தர உத்தியோகம் கிடைக்குமா என்று அவன் கேட்பதும் நியாயமே.

உங்கள் குழந்தைகள் இப்படிப் போவதானால், ஆஃபர் கடிதத்தை முழுக்கப் படியுங்கள். எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம், கோடை மாதங்களில் சம்பளம் உண்டா, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான யூனிவர்சிடிகள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தர ஒப்புக்கொண்டவை. அதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.