காளான் பாறைக்கு ஒரு காவல்

இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் குட்டி நாடு மால்டா. அதன் கோசோ தீவின் மேற்குக் கரையில், டுவெய்ரா என்ற இடத்தில், சுமார் 60 மீட்டர் உயரப் பாறை ஒன்று கடலுக்குள் செங்குத்தாக நிற்கிறது. பெயர், காளான் பாறை.

1746-ல், மால்டாவை ஆண்ட கிறிஸ்தவ வீரத்துறவிகளின் தலைவர் பின்டோ அதில் ஏறத் தடை போட்டார். மீறினால் துடுப்புக் கப்பலில் மூன்று ஆண்டு கட்டாய வேலை! கரையிலிருந்து கயிறு கட்டி, அதில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து காவலர்கள் போய்வந்தார்கள்.

அத்தனையும் ஒரு செடிக்காக. கருஞ்சிவப்பு நிறம், உலக்கை மாதிரித் தடித்த தண்டு, பச்சை பேருக்குக்கூடக் கிடையாது. காளான் என்றே நினைத்தார்கள். உண்மையில் அது பூக்கும் தாவரம். உப்புக்காற்றைத் தாங்கும் புதர்களின் வேரை உறிஞ்சிப் பிழைக்கும் ஒட்டுண்ணி. வாடைக்கு வரும் ஈக்கள்தான் மகரந்தம் சுமக்கின்றன. ரத்தப்போக்கையும் சீதபேதியையும் நிறுத்தும் என்று அன்று நம்பினார்கள். சிவப்பாக இருந்தால் ரத்தத்துக்கு மருந்து. அந்தக் கால வைத்தியக் கணக்கு அப்படி.

காவல் போட்டது இயற்கையைக் காக்க அல்ல, மருந்துப் பெட்டியைக் காக்க. ஆனாலும் பாறையின் மற்ற உயிர்களுக்கும் அதனால் பலன் கிடைத்தது. அந்தப் பாறையில் வாழும் பல்லியை விலங்கியலாளர்கள் தனித் துணையினமாகவே பிரித்திருக்கிறார்கள்.

1992-ல் மால்டா அரசு பாறையைச் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக்கியது. பக்கத்தில் இருந்த 'நீலச் சன்னல்' என்ற கல் வளைவின் மேல் நடந்தாலும் அபராதம் என்று பிறகு அறிவித்தார்கள். அதைக் கடல் கேட்குமா? 2017 மார்ச் 8 புயலில் வளைவு சரிந்தே போனது.