தருக்க வினாக்களும் நம் இளைஞர்களும்



தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வினாக்கள் 200, மதிப்பெண் 300. அவற்றுள் 25 வினாக்கள் கணக்கும் தருக்கமும் சார்ந்தவை. அதாவது முப்பத்தேழரை மதிப்பெண். "கணக்கு எனக்கு வராது" என்று நம் பிள்ளைகள் பலர் முதலில் கைவிடுவது இப்பகுதியைத்தான். வரலாற்றை இரவு பகலாய் மனப்பாடம் செய்கிறவர்கள், மனப்பாடமே வேண்டாத பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை மதிப்பெண்ணில் பணி கைநழுவும் தேர்வில் இது சிறிய இழப்பன்று.

நியாயவிலைக் கடை வரிசையில் ஒருத்தி முன்னிருந்து ஏழாவது, பின்னிருந்து பன்னிரண்டாவது. வரிசையில் எத்தனை பேர்? பத்தொன்பது என்பீர்கள். அவளை இருமுறை எண்ணிவிட்டீர்கள், பதினெட்டே சரி. வரிசையில் நின்றே வளர்ந்த நமக்கு இது வராதென்றால் யாருக்கு வரும்?

இரயில்வே, வங்கித் தேர்வுகளில் வேறொரு வகையும் உண்டு. "எல்லா நெசவாளரும் தொழிலாளர். சில தொழிலாளர் தொழிற்சங்க உறுப்பினர். ஆகவே சில நெசவாளர் தொழிற்சங்க உறுப்பினர்." கோவைப் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை உடனே 'சரி' என்பான், பாட்டனார் சங்கக்கொடி பிடித்தவராயிற்றே! ஆனால் அந்தச் 'சில தொழிலாளர்' அனைவரும் சாயப்பட்டறைக்காரராக இருந்துவிட்டால்? முடிவு நில்லாது. மூன்று வட்டம் வரைந்து பாருங்கள். நெசவாளர் வட்டம் தொழிலாளர் வட்டத்துக்குள் அடங்கும். தொழிற்சங்க வட்டமோ நெசவாளரைத் தொடாமலே தொழிலாளர் வட்டத்தை வெட்டிச் செல்லலாம். நாம் அறிந்த உண்மையை ஒதுக்கிவைத்து, கொடுத்த வாக்கியங்களை மட்டும் கொண்டு விடை காணவேண்டும். 'சிலர்' என்பதை 'எல்லோரும்' ஆக்கி நம்மை அளந்த ஊர்களில் பிறந்தவர்கள் நாம். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நம்மினும் பொருத்தமானவர் யார்?

இக்கலை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என அனுமானத்தின் உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கிறார்.

காந்திபுரத்துப் பயிற்சி நிலையங்களில் பணம் கட்ட இயலாதவர் கலங்கவேண்டாம். பழைய வினாத்தாள்களைத் தேர்வாணையமே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. படிப்பகத்தில் நால்வர் கூடி, நாள்தோறும் பத்து வினாக்களைப் போடுங்கள். விடை சொன்னவரை "ஏன்?" என்று கேளுங்கள், காரணம் சொல்லமுடியாத விடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்காம் தொகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இரயில்வேயில் மூன்றிலொரு பங்கு குறைப்பார்கள். அங்கே ஊகத்தில் குறிக்காதீர்கள்.