இருமுறை உடைந்த கப்பல்: 'கெய்ரோ' போர்ப்படகின் வரலாறு



அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய 'கெய்ரோ' என்னும் இரும்புக்கவசப் போர்ப்படகே இன்றைய உரையின் பொருள். அது போர்ப்பணியில் இருந்த காலம் ஓராண்டினும் குறைவு. ஆயினும், அது மூழ்கிய வரலாற்றையும் மீட்கப்பட்ட வரலாற்றையும் சேர்த்துப் படிப்போர்க்கு, பழம்பொருளைப் பேணுதல் பற்றிய ஒரு பெரும் பாடம் கிடைக்கிறது.

முதலில் பின்னணியைக் காண்போம். அடிமை முறையைக் காத்துக்கொள்ள விரும்பிய தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பொன்றை நிறுவின. அதனால் மூண்ட போர் 1861 முதல் 1865 வரை நீடித்தது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும் மிசிசிப்பி ஆறு ஒன்றியத்தின் வசமானால், கூட்டமைப்பு இரண்டாகப் பிளவுபடும். ஆனால், ஆழம் மிகுதியாக வேண்டும் கடற்போர்க்கப்பல்களுக்கு ஆற்றில் செல்வது கடினம். மரத்தாலான நீராவிப் படகுகளோ கரைப் பீரங்கிகளின் தாக்குதலைத் தாங்கமாட்டா. ஆகவே, ஆற்றுக்கென்றே ஒரு புதுவகைப் போர்ப்படகு தேவைப்பட்டது.

1861 ஆகஸ்டில் ஏழு படகுகளைக் கட்டும் பொறுப்பு ஜேம்ஸ் ஈட்ஸ் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதற்கு முன் மிசிசிப்பியில் மூழ்கிய நீராவிப் படகுகளிலிருந்து பொருள்களை மீட்டெடுத்துச் செல்வம் ஈட்டியவர். ஆற்றின் அடித்தளத்தையே நடந்து அறிந்தவர். சாமுவேல் புக் வடிவமைத்த அப்படகுகளின் நீளம் 175 அடி. அகலம் 51 அடி. இத்துணைப் பெரிய படகு மிதப்பதற்கு 6 அடி நீரே போதுமானதாக இருந்தது. இல்லினாய் மாநிலத்து மவுண்ட் சிட்டியில் கட்டப்பட்ட படகுகளுள் ஒன்றுக்குக் 'கெய்ரோ' எனப் பெயரிட்டனர். அஃது எகிப்தியத் தலைநகரை நேரே குறித்த பெயரன்று. அந்நகரின் பெயரைத் தாங்கி, ஒகையோ ஆறு மிசிசிப்பியில் கலக்குமிடத்தில் அமைந்த இல்லினாய் ஊரின் பெயர்.

13 பீரங்கிகளைத் தாங்கிய கெய்ரோ, 1862 சனவரியில் பணியில் சேர்ந்தது. அதன் மேற்கட்டின் சுவர்கள் குண்டுகள் சறுக்கி விலகுமாறு சாய்வாக அமைந்திருந்தன. இன்றியமையாத இடங்களை இரண்டரை அங்குல இரும்புத் தகடுகள் மூடியிருந்தன. நீருக்குக் கீழிருந்த அடிப்பகுதியோ வெறும் மரம். பகைவரின் குண்டு கரையிலிருந்தே வரும் என்று கருதிய காலத்தில், கரையை நோக்கிய பக்கத்திற்கே கவசம் கிடைத்தது.

1862 டிசம்பர் 12 அன்று, விக்ஸ்பர்க் நகருக்கு அருகே மிசிசிப்பியில் கலக்கும் யாசூ ஆற்றில், வெடிகளை அகற்றும் பணிக்காகக் கெய்ரோ வேறு சில படகுகளுடன் சென்றது. அதன் தலைவர் தாமஸ் செல்ஃபிரிட்ஜ். முன்னே சென்ற 'மார்மோரா' என்னும் சிறு படகு தயங்கி நின்றது. அதன் வீரர்கள் நீரில் மிதந்த ஐயத்திற்குரிய பொருள்களைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தனர். காலத் தாழ்வைப் பொறாத செல்ஃபிரிட்ஜ் தம் படகை முன்னே செலுத்தினார். சிறிது நேரத்தில் இரண்டு வெடிகள் வெடித்தன. வெடிமருந்து நிரப்பி நீருக்குள் வைக்கப்பட்டிருந்த பெரிய கண்ணாடிக் குடுவைகளே அவ்வெடிகள். ஏறத்தாழ 12 நிமிடங்களில் கெய்ரோ மூழ்கியது. நற்பேறாக ஒருவரும் உயிரிழக்கவில்லை.

மொழி மாணவர்க்கு இங்கே ஒரு குறிப்பு. அக்காலத்தார் இவ்வெடியை 'டார்ப்பிடோ' என்றே வழங்கினர். இன்று அச்சொல், நீருக்குள் தானே பாய்ந்து சென்று தாக்கும் படைக்கலத்தைக் குறிக்கிறது. அன்றோ, ஓரிடத்தில் காத்துக் கிடக்கும் கண்ணிவெடியைக் குறித்தது. பழைய ஆவணத்தை இன்றைய பொருளில் படித்தால், நிகழ்ச்சியே மாறிவிடும்.

மூழ்கிய கெய்ரோவை ஆற்றுச் சேறு மூடிக்கொண்டது. மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். சேற்றுக்குள் அது கிட்டவில்லை. ஆகவே மரம் நிலைத்தது. மாலுமிகளின் உணவுக் கலங்களும் மருந்துப் புட்டிகளும் காலணிகளும் உடன் நிலைத்தன.

1956ஆம் ஆண்டில் எட்வின் பேர்ஸ் என்னும் வரலாற்றறிஞர், நண்பர்கள் இருவருடன் ஒரு சிறு படகில் யாசூ ஆற்றில் தேடினார். அவர்கள் கையிலிருந்தவை பழைய வரைபடங்களும் ஒரு திசைகாட்டியும். ஆற்றின் ஓரிடத்தில் திசைகாட்டியின் முள் வழக்கத்திற்கு மாறாக அசைந்தது. அடியில் பேரிரும்பு கிடந்தது! ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தவர்க்குக் கிடைத்த பரிசு அது.

அதன் பின்னரே துன்பம் தொடங்கியது. 1964இல் கப்பலை முழுமையாகத் தூக்க முயன்றபோது, அடியில் கொடுத்த தடித்த இரும்பு வடங்கள் மரத்தை ஆழமாக அறுத்தன. வேறு வழியின்றிக் கப்பலை மூன்று துண்டுகளாக்கித் தூக்கினர். மூழ்கிய நாளிலிருந்து சரியாக 102 ஆண்டுகள் நிறைந்த டிசம்பர் 12 அன்று, சிதைந்த பகுதிகள் தெப்பப் படகுகளில் கிடந்தன. நீரூறிய மரம் காற்றில் உலரும்போது சுருங்கி வெடிக்கும். நீர் தெளித்துக் காக்க முயன்றும், நிலையான இடமும் போதிய பொருளும் இன்றி ஆண்டுகள் கழிந்தன. மரம் மேலும் சிதைந்தது. 1977இல்தான் எஞ்சிய பகுதிகள் விக்ஸ்பர்க் தேசியப் போர்நினைவுப் பூங்காவை வந்தடைந்தன.

இதனோடு மற்றொரு கப்பலை ஒப்பிடலாம். 1628இல் மூழ்கிய சுவீடன் நாட்டு 'வாசா' 1961இல் முழு உருவுடன் மீட்கப்பட்டது. மரத்தைக் காக்கும் வேதிக்கரைசலை அதன்மீது 17 ஆண்டுகள் தெளித்தனர். அங்கே, தூக்குவது பணியின் தொடக்கமாகக் கருதப்பட்டது. கெய்ரோவிலோ, தூக்குவதே முடிவாகிப் போயிற்று.

மீட்டவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் முயலாதிருந்தால், பூங்காவில் இன்று நாம் காணும் பீரங்கிகளும் கொதிகலன்களும் மாலுமிகளின் உடைமைகளும் வெளிப்பட்டிரா. ஆயினும், 1862இல் நேர்ந்த பிழையும் 1964இல் நேர்ந்த பிழையும் ஒரே இனத்தவை. முன்னதில் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தைக் காத்தவர்கள் அடிப்பக்கத்தை மறந்தனர். பின்னதில் கப்பலை வெளியே கொணர எண்ணியவர்கள், அதன்பின் வரும் நாள்களை எண்ணவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நம் பள்ளிகளிலும் பழைய ஆண்டு மலர்களும் கையெழுத்து நாடகப் படிகளும் வீடுதோறும் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைத் திரட்டுமாறு மாணவரிடம் கூறுமுன், எங்கே வைப்போம், எவர் காப்பார், எவ்வாறு படியெடுப்போம் என முடிவு செய்வோம். இடம் அமையும்வரை, அவை தத்தம் வீட்டிலேயே இருக்கட்டும். இருக்குமிடத்தை மட்டும் ஓர் ஏட்டில் குறித்து வைப்போம். திசைகாட்டியின் முள் அசைந்த இடத்தைக் குறித்துக்கொள்வதும் வரலாற்றுப் பணியே.