காய்ச்சலை வென்ற கால்வாய்
(சிலிபினில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காடழித்த நாளில், புலியைவிடப் பாம்பைவிட அவர்கள் அஞ்சியது குளிர்காய்ச்சலுக்குத்தான். கசப்புக் கொய்னாவை விழுங்கிவிட்டு, நடுங்கும் உடம்போடு பெரட்டுக்கு நின்றார்கள். நின்றவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவேயில்லை.

அந்த மலேரியாவை மலாயாவில் எதிர்த்து நின்றவர் டாக்டர் மால்கம் வாட்சன். விக்டோரியா மகாராணி காலத்தில், 1873-இல், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1901-இல் கிள்ளான் அரசாங்க வைத்தியராக வந்தார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கொசு பிறக்கும் சதுப்பை வற்றச் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று வாட்சன் கண்டார். அரசாங்கம் பணம் கொடுத்தது, புதர் வெட்டப்பட்டது, கால்வாய் தோண்டப்பட்டது. கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901-இல் 582 பேர் மாண்டனர். 1902-இல் அது 144, 1903-இல் 115!

பின்னர் அவர் தோட்டங்களுக்கு வைத்தியரானார். நம் ஈப்போவைச் சுற்றியுள்ளது போன்ற மலைச்சரிவுகளிலே வேறொரு தொல்லை. காட்டை அழித்து வெயில் பட்டதும், தெளிந்து ஓடும் ஓடையிலேயே வேறு வகைக் கொசு பெருகியது. ஆகவே, மண்ணுக்கடியில் குழாய் புதைத்து நீரை வடித்தார். ஓடையில் எண்ணெய் தெளிக்கச் செய்தார்.

தோழர்களே! டாக்டருக்கு 1924-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. அவர் தகுதியுடையவரே, மறுக்கவில்லை. ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த கூலிக்காரன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அறிவு அவருடையது, உழைப்பு நம்முடையது.

கிராணிமார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்சனின் பெரிய ஆயுதம் கணக்கு. எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதி வைத்தார். குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணினார். வெறும் முறையீட்டைத் தட்டிக் கழிக்கலாம். எண்ணைத் தட்டிக் கழிப்பது கடினம்.

மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா 2018 முதல் இந்நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. எனினும் குரங்கிலிருந்து கொசு வழியே வரும் மலேரியா, காட்டோரத்தில் வேலை செய்வோரை இன்னும் பிடிக்கிறது. டெங்கிக் கொசுவோ நம் வாசலிலேயே இருக்கிறது. வெட்டு நின்ற மரத்தில் மழைநீர் தேங்கிய மங்கு ஒன்று போதும், அது குஞ்சு பொரிக்க! மங்கைக் கவிழ்த்து வைப்பது நம் கடமை.

லயத்துக் கால்வாய் அடைத்துக் கிடந்தால்? தோட்டத்தில் நல்ல வீடும் தண்ணீரும் சுகாதாரமும் தருவது முதலாளியின் பொறுப்பென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே, எந்த வீட்டில் யாருக்கு எந்தத் தேதியில் காய்ச்சல், எந்தக் கால்வாய் எத்தனை நாளாக அடைப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள்; நிர்வாகத்திடம் சேர்ந்து போவோம்.

அன்று நம் பாட்டன் வெட்டிய கால்வாய் நம்மைப் பிழைக்க வைத்தது. அதைத் தூர்ந்துபோக விடலாமா? விடக்கூடாது.